10.0.0.1 யாருடைய முகவரி?

10.0.0.1 என்ற ஐபி முகவரி யாருக்குச் சொந்தம் என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது. ஒரு வங்கிக்குள்ளேயும் இருக்கும், ஒரு ஆஸ்பத்திரிக்குள்ளேயும் இருக்கும். ரெண்டும் தனித்தனி நெட்வொர்க்காக இருக்கிற வரைக்கும் தொல்லை இல்லை. ஆனால் தங்கள் கிளைகளை இணைக்க ரெண்டு பேரும் ஒரே தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் விபிஎன் வாங்கினால்? 10.0.0.1-க்குப் போகும் பாக்கெட்டை அந்த நிறுவனத்தின் ரூட்டர் எந்தப் பக்கம் அனுப்பும்?

இந்தக் குழப்பம் தற்செயலாக வந்ததில்லை. தெரிந்தே எடுத்த முடிவின் விளைவு.

10-ல் தொடங்கும் முகவரிகள் முதலில் இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டுக்கு ஒதுக்கப்பட்டவை. 1990-ல் அர்பாநெட் மூடப்பட்டது. அதற்குள் முகவரிகள் தீர்ந்துவிடும் என்ற பயம் வந்துவிட்டது. மார்ச் 1994-ல் ஐபிஎம்மில் இருந்த யாக்கொவ் ரெக்டரும் வேறு மூன்று பேரும் ஆர்எஃப்சி 1597 என்ற ஆவணத்தை வெளியிட்டார்கள். வெளியுலகத்தோடு நேரடியாகப் பேசத் தேவையில்லாத கணினிகளுக்கு 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 ஆகிய தொகுதிகளை யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்றது அது. 10-ல் மட்டும் 1,67,77,216 முகவரிகள்!

நாலே மாதத்தில் எதிர்ப்பு வந்தது. ஆர்எஃப்சி 1627-இன் தலைப்பே நெட்வொர்க் 10 கெடுதலானது என்றுதான் சொன்னது. உலகத்தில் ஒரு முகவரி ஒருத்தருக்குத்தான் என்பது இணையத்தின் அடிப்படை, அதைப் பொது விவாதம் இல்லாமல் கைவிடக்கூடாது என்பது அவர்கள் வாதம். 1996 பிப்ரவரியில் வந்த ஆர்எஃப்சி 1918 பழைய ஆவணத்தின் இடத்தைப் பிடித்தது. எதிர்த்தவர்களில் ஒருவரான எலியட் லியர் இதில் ஐந்தாவது ஆசிரியர். ஆனால் அந்த மூன்று தொகுதிகளும் அப்படியே நின்றன. நிறுவனங்கள் எல்லாம் 10-க்குள் குடியேறின.

அந்தக் காலத்தில் கிளைகளை இணைக்கக் குத்தகை லைன், ஃப்ரேம் ரிலே, ஏடிஎம் சர்க்யூட்கள்தான். சேவை நிறுவனம் ஐபி முகவரியைப் பார்ப்பதே இல்லை, அதனால் மோதலும் இல்லை. ஆனால் 50 கிளைகளை ஒன்றோடொன்று நேரடியாக இணைக்க 1,225 சர்க்யூட் வேண்டும். இது கட்டுப்படியாகுமா? சேவை நிறுவனமே ஐபி ரூட்டிங்கை ஏற்றுக்கொண்டால் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு இணைப்பு போதும். அப்போதுதான் ரெண்டு 10.0.0.1-உம் ஒரே ரூட்டரில் சந்தித்துக்கொண்டன.

மார்ச் 1999-ல் சிஸ்கோவிலிருந்து ஆர்எஃப்சி 2547 வந்தது. எழுதியவர்கள் எரிக் ரோசனும் யாக்கொவ் ரெக்டரும். ஆமாம், ஒரே முகவரியைப் பலர் வைத்துக்கொள்ளலாம் என்று 1994-ல் எழுதிய அதே ரெக்டர்தான்.

அவர்கள் செய்தது இதுதான். சேவை நிறுவனத்தின் விளிம்பில் இருக்கிற ரூட்டரில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி ரூட்டிங் அட்டவணை. இதற்கு விஆர்எஃப் என்று பேர். பாக்கெட் எந்த இணைப்பு வழியாக உள்ளே வருகிறதோ, அதை வைத்து எந்த அட்டவணையைப் பார்க்கணும் என்று ரூட்டர் முடிவு செய்யும்.

சரி, இந்த ரூட்டர் தூரத்தில் இருக்கிற இன்னொரு ரூட்டருக்குத் தகவல் சொல்லும்போது? ஒரே வகுப்பில் ரெண்டு முருகன் இருந்தால் இனிஷியல் சேர்த்துக் கூப்பிடுவோம் இல்லையா, அதே வேலைதான். 4 பைட் முகவரிக்கு முன்னால் 8 பைட் ரூட் டிஸ்டிங்குவிஷர் ஒட்டி 12 பைட் முகவரியாக்கி பிஜிபி வழியாக அனுப்பினார்கள். இப்போது ரெண்டும் வேறு வேறு. எந்த வழியை எந்த அட்டவணை ஏற்கணும் என்பதை ரூட் டார்கெட் என்ற இன்னொரு குறி சொல்லும்.

கவனியுங்க, இந்த இனிஷியல் ரூட்டர்களின் பேச்சில் மட்டும்தான். பாக்கெட்டில் அது இருக்காது. பாக்கெட்டின் மேல் ரெண்டு எம்பிஎல்எஸ் லேபிள் ஏறும். வெளி லேபிள் மறு விளிம்பு ரூட்டருக்குக் கொண்டுபோகும். உள் லேபிள் அங்கே எந்த வாடிக்கையாளர் என்று காட்டும். நடுவில் இருக்கிற ரூட்டர்களுக்கு வங்கியும் தெரியாது, ஆஸ்பத்திரியும் தெரியாது.

இது பிரித்துவைப்பது மட்டும்தான், மறையாக்கம் இல்லை. ஒரு ரூட் டார்கெட்டை மாற்றிப் போட்டால் ஒருத்தர் வழி இன்னொருத்தர் அட்டவணையில் வந்து உட்காரும். சுவர் முழுக்க கான்ஃபிகரேஷனில்தான் நிற்கிறது.

பிப்ரவரி 2006-ல் ஆர்எஃப்சி 4364 இதைத் தர நிர்ணயப் பாதைக்குக் கொண்டுவந்தது. அப்போ 1627 எழுதியவர்கள் தோற்றுவிட்டார்களா? பாதிதான். ஒருவரோடொருவர் பேசவே வேண்டாதவர்களைத்தான் இந்த முறை பிரித்துவைக்கும். அந்த வங்கி இன்னொரு வங்கியை வாங்கி, ரெண்டு 10.0.0.1-உம் ஒரே விபிஎன்னுக்குள் பேசணும் என்றால் எந்த இனிஷியலும் உதவாது. முகவரியை மாற்றணும், இல்லாவிட்டால் நடுவில் முகவரி மாற்றும் பெட்டி வைக்கணும். 1994-ல் எழுப்பிய அந்த ஆட்சேபத்துக்கு இன்றைக்கும் நிறுவனங்கள் இணையும்போதெல்லாம் யாரோ ஒரு நெட்வொர்க் பொறியாளர் ராத்திரி உட்கார்ந்து பதில் எழுதிக்கொண்டிருக்கிறார்.