பழையதாகிப்போன பாடநூல்: மாநிலக் கல்லூரியில் சந்திரசேகரின் ஐந்தாண்டுகள்

சென்னைக் கடற்கரையை நோக்கி நிற்கும் மாநிலக் கல்லூரியில் 1925ஆம் ஆண்டு ஓர் இளைஞர் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது பதினைந்துகூட நிறையவில்லை. 1983ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரே அவர். விண்மீன்களின் நிறைக்கு அவர் கண்ட வரம்பை அறிவியல் மாணாக்கர் அனைவரும் அறிவர். அவ்வரம்பை எட்டுவதற்கு முன் அவர் மாணவராக இருந்த ஐந்தாண்டுகள் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவற்றுள்ளும் ஒரே ஒரு நாளின் உரையாடலையே நாம் இங்குச் சிறப்பாக எடுத்துக்கொள்கிறோம்.

அந்நாளுக்குச் செல்லுமுன் இல்லத்தின் நிலையைச் சிறிது அறிதல் வேண்டும். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் இந்தியத் தணிக்கைத் துறையில் உயர் அலுவலர். நான்கு ஆண்மக்களுள் மூத்தவரான சந்திரசேகர் ஆட்சிப் பணித் தேர்வு எழுதி அரசு அலுவலராதல் வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அக்காலத்து நடுத்தர வருக்கக் குடும்பங்களில் இவ்விருப்பம் இயல்பானதே. இன்றும் நம் நாட்டு இல்லங்களில் மருத்துவம், சட்டம் என்று பெயர் மாறியிருக்கிறதேயன்றி விருப்பம் மாறவில்லை. மகனின் நாட்டமோ தூய கணிதத்தில். இராமானுசன் மறைந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. கணிதத்தை விரும்பிய தமிழ் இளைஞர்க்கு அப்பெயர் ஒரு விளக்காக இருந்தது. முடிவில், கணிதமும் இன்றி ஆட்சிப் பணியும் இன்றி, இயற்பியல் சிறப்புப் பட்டம் என்ற உடன்பாட்டில் தந்தையும் மகனும் நின்றனர். தாயார் சீதாலட்சுமி மட்டும், பிறர் சொல்லுக்கு அஞ்சாமல் மனத்துக்குப் பிடித்ததையே படிக்குமாறு மகனைத் தூண்டினார். இப்சனின் பொம்மை வீடு நாடகத்தைத் தமிழில் பெயர்த்தவர் அவ்வம்மையார். வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியேறும் ஒரு பெண்ணின் கதையை மொழிபெயர்த்தவர்க்கு, மகனின் மனத்தை அறிவது அரிதாக இருந்திராது.

இயற்பியல் மாணவராகச் சேர்ந்தபின்னும் அவர் கணித வகுப்புகளுக்குச் சென்று அமர்ந்தார், ஆசிரியர்கள் தடுக்கவில்லை. இதனை நாம் சிறு செய்தியாகக் கடந்துவிடலாகாது. வருகைப் பதிவேட்டில் பெயரில்லாத மாணவன் ஒருவனை வகுப்பில் இருக்கவிடுவதற்கு ஆசிரியர்க்குச் சிறிது மனவிரிவு வேண்டும்.

கல்லூரியில் கற்பிக்கப்பட்டதோடு நில்லாது, அர்னால்டு சொம்மர்பெல்டு என்னும் செருமானியப் பேராசிரியர் எழுதிய அணுக் கட்டமைப்பு பற்றிய பெருநூலின் ஆங்கிலப் பெயர்ப்பை அவர் தாமே கற்றுத் தேர்ந்தார். அப்பெயர்ப்பு 1923இல் வெளிவந்தது. அதனைக் கரைத்துக் குடித்த ஒருவர் தம்மை இயற்பியலின் எல்லையில் நிற்பவராகக் கருதிக்கொண்டால் அதில் வியப்பில்லை. 1928ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அந்நூலாசிரியரே இந்தியப் பயணத்தின்போது சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் உரையாற்றினார். மறுநாள் அவர் தங்கியிருந்த விடுதிக்குச் சந்திரசேகர் சென்று கண்டார். மாணவர்க்கு வயது பதினெட்டு. பேராசிரியர் அறுபதை எட்டிக்கொண்டிருந்தவர்.

தாம் அந்நூலைக் கற்றிருப்பதை மாணவர் சொன்னார். பேராசிரியரின் மறுமொழி பாராட்டாக அமையவில்லை. அந்நூல் எழுதப்பட்ட பின்னர் இயற்பியலே மாறிவிட்டது என்றார் அவர். 1925இல் ஐசன்பெர்க்கும் 1926இல் சுரோடிங்கரும் திறந்த வழியில், டிராக், பவுலி முதலியோரின் பணியால், அணுவைப் பற்றிய பழைய குவாண்டம் கொள்கை முழுவதுமே பின்தள்ளப்பட்டிருந்தது. ஐசன்பெர்க்கும் பவுலியும் அவருடைய மாணவர்களே என்பதையும் இங்கு நினைதல் தகும். தம் மாணவர்கள் தம் நூலைப் பழையதாக்கிவிட்டார்கள் என்பதை, கடல் கடந்த நாட்டில் ஓர் இளைஞனிடம் தயக்கமின்றிச் சொல்ல அம்முதியவரால் முடிந்தது.

கேட்டவரின் மனநிலையை எண்ணிப் பார்ப்போம். இரவும் பகலுமாகச் சேர்த்த கல்வி காலங்கடந்தது என்று, அதனை எழுதியவர் வாயாலேயே கேட்பது எளிய அடியன்று. நம் கல்லூரிகளில் இதனினும் சிறிய அடிக்கே, ஒரு பாடத்தில் எதிர்பார்த்த தரம் கிடைக்காததற்கே, படிப்பைக் கைவிட எண்ணிய மாணாக்கரை நாம் கண்டிருக்கிறோம். அவர்களைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. அவ்வேளையில் அவர்கள் கையில் அடுத்துப் படிப்பதற்கு எவரேனும் எதையேனும் கொடுத்தார்களா என்பதே நம் கேள்வி. சொம்மர்பெல்டு கொடுத்தார். உலோகங்களில் மின்னணுக்களின் இயக்கம் பற்றித் தாம் எழுதி, அச்சில் வெளிவராதிருந்த கட்டுரையின் மெய்ப்புத் தாள்களை அம்மாணவரிடம் அளித்தார். புதிய புள்ளியியல் முறை அதில் கையாளப்பட்டிருந்தது.

அத்தாள்களைக் கொண்டு சந்திரசேகர் சில மாதங்களில் தாமே ஒரு கட்டுரையை எழுதினார். காம்ப்டன் சிதறலுக்குப் புதிய புள்ளியியலைப் பொருத்திக் காட்டிய அக்கட்டுரையைக் கேம்பிரிட்சிலிருந்த பௌலருக்கு அனுப்பினார். வெண்குறு விண்மீன்களின் அடர்த்திக்கு 1926இல் அதே புள்ளியியலைக் கொண்டு விளக்கம் தந்தவர் பௌலர். கட்டுரை 1929இல் இலண்டன் அரச கழகத்தின் நடவடிக்கை ஏட்டில் வெளிவந்தது. ஆசிரியரோ பட்டம் பெறாத மாணவர்! அவர் சர் சி.வி. இராமனின் அண்ணன் மகன் என்பதும், ஆய்வுக் கட்டுரை என்பது யாது என்பதை வீட்டிலேயே அறியும் வாய்ப்பு இருந்தது என்பதும் உண்மையே. அவ்வாய்ப்பை மறைத்து இக்கதையைக் கூறினால் நாம் மாணாக்கரை ஏமாற்றியவராவோம். எனினும் இராமனின் ஆய்வு செய்முறைக் கூடத்தைச் சார்ந்தது. சந்திரசேகர் தாளும் எழுதுகோலும் கொண்டு வேறு வழியில் நடந்தார்.

1930ஆம் ஆண்டு பட்டமும் இங்கிலாந்தில் படிக்க அரசு உதவித்தொகையும் கிடைத்தன. ஆனால் தாயார் நோய்வாய்ப்பட்டிருந்தார். மீண்டும் காண்பது உறுதியில்லை. செல்லவேண்டாம் என்று தடுத்தவர்களும் உறவினரில் இருந்தனர். மகன் போகத்தான் வேண்டும் என்று நின்றவர் அத்தாயாரே. சூலை 31ஆம் நாள் பம்பாயில் கப்பல் புறப்பட்டது.

அப்பயணத்தின்போதுதான் அவர் பௌலரின் விளக்கத்தோடு சார்புக் கொள்கையைச் சேர்த்துக் கணக்கிட்டு, வெண்குறு விண்மீனின் நிறைக்கு ஒரு மேல்வரம்பு உண்டு என்று கண்டார். அம்முடிவைக் கூறும் இரண்டு பக்கக் கட்டுரை 1931 சூலையில் அமெரிக்க வானியற்பியல் ஏட்டில் வெளிவந்தது. சீதாலட்சுமி அம்மையார் அவ்வாண்டு மே மாதமே காலமாகியிருந்தார்.