கம்பனை இடைவைத்த சொற்போர்

கம்பராமாயணமும் பெரியபுராணமும் கொளுத்தப்பட வேண்டியவை என்னும் முழக்கம் சுயமரியாதை இயக்க மேடைகளில் எழுந்தபோது தமிழறிஞர் உலகம் கொதித்தது. அக்கொதிப்பு வசைமொழியோடு நின்றிருக்கலாம், நிற்கவில்லை. 9.2.1943 அன்று சென்னைச் சட்டக் கல்லூரி மண்டபத்தில் 33 வயதினரான அண்ணாவும், பேராசிரியர் ரா. பி. சேதுப்பிள்ளையும் எதிரெதிர் நின்று வாதிட்டனர். தலைமை தாங்கிய சி. எம். இராமச்சந்திரஞ் செட்டியாரோ இந்து அறநிலைய ஆணையர்! தீயிடச் சொன்னவர் அத்தலைமையின்கீழ்ப் பேச இசைந்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

மார்ச் 14ஆம் நாள் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியார் எதிர்வாதம் புரிந்தார். இரண்டனுள் இச்சந்திப்பே பொருள் செறிந்தது. 1938இல் கட்டாய இந்தியை எதிர்த்து இருவரும் ஓரணியில் நின்றவர்கள். மொழிக்காகத் தோள் கொடுத்தவரே காப்பியத்துக்காக எதிர் நின்றார். பாரதியாரும் சேதுப்பிள்ளையும் வழக்கறிஞராயிருந்தவர்கள். எதிர்த்தரப்பை முழுதும் கேட்டபின் விடையிறுப்பது அவர்கட்குப் பழகிய நெறி. அண்ணாவும் எதிர்த்தரப்பின் வலிமையை மறைக்கவில்லை. கம்பனின் கவித்திறத்தை அவர் ஒப்புக்கொண்டார். அத்திறத்தாலேயே ஆரியக் கருத்து தமிழர் நெஞ்சில் வேரூன்றியது என்பதே அவர் வழக்கு. கம்பனைப் படியாமல் இவ்வாறு வாதிட இயலாது.

எவரும் தம் கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை. அண்ணாவின் உரைகள் ‘தீ பரவட்டும்’ என்று நூலாகவே வந்தன. 1968 ஜனவரியில், அவர் முதலமைச்சராயிருக்கையில், இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் கம்பருக்கும் சிலை எழுந்தது. பாரதியார் 1959இலும் சேதுப்பிள்ளை 1961இலும் மறைந்திருந்தனர்.