துச்சாதனனுக்கு எதிரே உட்கார்ந்த பிள்ளைகள்

குழந்தைகளுக்கென்றே எடுக்கும் கார்ட்டூன் படங்களைக் குழந்தைகள் தாங்குவார்களா என்ற கேள்விக்கு அந்தப் படங்களின் வயதுதான். வால்ட் டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’ 1938இல் இங்கிலாந்துக்குப் போனபோது, சூனியக்காரிக்குப் பயந்தோ என்னவோ, அந்நாட்டுத் தணிக்கை வாரியம் ‘ஏ’ சான்றிதழ் கொடுத்தது. 16 வயது ஆகாதவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம் என்பது அதற்குப் பொருள். 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலின் கிறிஸ்துமஸ் இதழில், அதற்கே உரிய குறும்போடு, ஓர் ஆய்வு வந்தது. கார்ட்டூன் படங்களின் முக்கியப் பாத்திரங்கள் சாகும் வாய்ப்பு, பெரியவர்களுக்கான படப் பாத்திரங்களைவிட இரண்டரை மடங்கு என்று அது கணக்கிட்டது. ஆனால் செத்தவர் எண்ணிக்கையைக் கொண்டு அளப்பதானால், புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன் பக்கத்துப் பிள்ளைகள் சினிமா வருமுன்பே இதைவிடக் கொடூரமானதை விடிய விடியப் பார்த்தவர்கள்.

பாரதக் கூத்தைச் சொல்கிறேன். செஞ்சியை மையமாகக் கொண்ட திரௌபதியம்மன் வழிபாடு தென்னார்க்காடு முழுக்கப் பரவியது. பிரெஞ்சுக் கிராமமும் பிரிட்டிஷ் கிராமமும் மாறி மாறிக் கிடந்த இந்த வட்டாரத்தில் வரிக்கும் போலீசுக்கும் எல்லை இருந்தது, கூத்துக்கு இல்லை. அந்த அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து வைத்தால் அபிமன்னன் சண்டையில் ஒரு பாலகன் சூழ்ந்து கொல்லப்படுவான். களபலியில் அரவான் தன்னையே அறுத்துக் கொடுப்பான்.  கடைசியில் படுகளம். மண்ணால் மல்லாக்கப் படுக்கவைத்த துரியோதனன், தெருவை அடைத்துக்கொண்டு கிடப்பான். வீமன் வேஷக்காரர் தொடையில் அடிக்க, உள்ளே புதைத்த சட்டியிலிருந்து சிவப்பு நீர் வழியும். அதை எடுத்துத்தான் திரௌபதி கூந்தல் முடிப்பாள். இப்படி ஒரு காட்சியைக் கார்ட்டூனில் வைக்க எந்த ஸ்டூடியோவும் துணியாது. ஆனாலும் பிள்ளைகளை யாரும் வீட்டுக்கு அனுப்பியதில்லை. அவர்கள் முன்னால்தான் உட்கார்ந்தார்கள்.

அவர்களைக் காத்தது கதையின் மென்மையல்ல, அதைக் காட்டிய ஏற்பாடு என்பதே என் வாதம். இரவில் ஆடப்போகிற கதையைப் பகலிலேயே பாரதப் பிரசங்கியார் கோயில் பந்தலில் சொல்லிவிடுவார். அபிமன்னன் சாகப்போவது பிள்ளைக்கு முன்கூட்டியே தெரியும். துரியோதனன் திரைக்குப் பின்னால் சலங்கை குலுங்க வந்து நின்றதும், கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் அந்த மகாராஜாவையே கிண்டலடித்துச் சிரிக்கவைத்துவிடுவான். துகிலுரிதலில் இன்னும் நுட்பம். துச்சாதனன் வேஷம் கட்டியவர் சேலையில் கைவைக்குமுன் ஆட்டத்தை நிறுத்தி, கற்பூரம் காட்டிக் கும்பிட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொள்வதுண்டு. சாமி வந்துவிடும் என்ற அச்சம் அதற்குக் காரணம். குழந்தைகளை நினைத்துச் செய்ததல்ல. என்றாலும், இவர் துச்சாதனன் இல்லை, துச்சாதனனாக நிற்கும் ஒரு மனிதர் என்பது அங்கே யாருக்கும் விளங்கிவிடும். படுகளமோ பட்டப்பகலில், ஊரே சுற்றி நிற்க நடப்பது. நள்ளிரவுக் கொலைகள் வருவதற்குள் சின்னதுகள் பாதிப்பேர் பாட்டி மடியில் தூங்கிப்போயிருப்பார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

இது பழம்பெருமை பேசுவது என்று மறுக்கலாம். எந்தப் பிள்ளை இரவில் அலறி எழுந்தது என்று எந்தக் கூத்துவாத்தியாரும் எழுதிவைக்கவில்லை. பூச்சாண்டி காட்டிச் சோறூட்டிய அதே பெரியவர்கள் பிள்ளைகளை அடக்கவும் பயத்தைப் பயன்படுத்தினார்கள். உண்மைதான், கூத்துப் பார்த்த பிள்ளைகள் பயப்படவேயில்லை என்று நான் சொல்லவில்லை. அமெரிக்க ஆய்வாளர் ஜோன் கேன்டர் பல ஆண்டுகள் ஆராய்ந்து சொன்னது, பயத்தைத் தணிப்பது எது என்பதைப் பற்றியது. பள்ளிக்குப் போகாத வயதில் பிள்ளையைப் பயமுறுத்துவது உருவம். அந்த ஆள் நல்லவனாகவே இருந்தாலும் பயம் குறையாது. ‘இதெல்லாம் பொய்’ என்ற விளக்கம் அந்த வயதுக்கு அவ்வளவாக எடுபடாது. அணைத்துக்கொள்வதும் கையில் தின்ன ஏதாவது கொடுப்பதும் எடுபடும். பாட்டி மடியும் பொரிகடலையும் ஆராய்ச்சிக்கு முன்பே அதைச் செய்துவந்தன. கார்ட்டூன் வெறும் வரைந்த படம்தானே, முடிவு சுபம்தானே என்ற சமாதானங்கள் பலிக்காததும் இதனால்தான். ‘லயன் கிங்’கில் முஃபாசா விழுந்து செத்த நிமிஷத்தில் நாலு வயதுப் பிள்ளைக்குக் கடைசிக் காட்சி என்று ஒன்று இல்லவே இல்லை. இருட்டு உண்டு, காதைப் பிளக்கும் ஒலி உண்டு. இடையில் வந்து சிரிக்கவைக்கக் கட்டியங்காரன் இல்லை. வீட்டில் செல்போனைக் கொடுத்துத் தனியே விட்டால் மடியும் இல்லை.

இந்தியத் திரைப்படத் தணிக்கையில் 1983இலிருந்து ‘யுஏ’ என்ற ஒரே முத்திரையில் அடங்கியிருந்ததை 2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்திருக்கிறது. தேவையான மாற்றம்தான். ஆனால் அது படத்தை அளக்கிறதே தவிர, பார்க்கும் இடத்தை அளப்பதில்லை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சில தியேட்டர்கள் விளக்கை முழுதும் அணைக்காமல், ஒலியைக் குறைத்து, எழுந்து நடமாட விட்டு, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கெனத் தனிக்காட்சி நடத்துகின்றன. விடுமுறையில் ஒரு காலைக் காட்சியை எல்லாச் சின்னப் பிள்ளைகளுக்கும் அப்படி ஓட்டினால் புதுச்சேரித் தியேட்டர்களுக்குப் பெரிய நஷ்டம் ஒன்றும் வந்துவிடாது.