கல்லூரியில் பாலியல் துன்புறுத்தல்: புகாரின் இரகசியம் எப்படிக் காக்கப்படுகிறது?

கல்லூரியில் தொல்லைக்கு ஆளாகும் பெண் பிள்ளைகள் பலர் அதை வீட்டில் சொல்வதில்லை. விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிடும் என்ற பயம் ஒன்று. 'படித்தது போதும், வீட்டில் இரு' என்று சொல்லிவிடுவார்களோ என்ற கவலை மற்றொன்று. பிள்ளை மௌனமாகிவிட, தவறு செய்தவன் தைரியமாக நடமாடுகிறான். இந்த நிலையில் சட்டம் என்ன பாதுகாப்புத் தருகிறது என்பதைப் பெற்றோர்கள் அறிந்திருப்பது அவசியம்.

சட்டத்தின் பின்னணி

1997ல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க வழிகாட்டு நெறிகளை வகுத்தது. 2013ல் அது தனிச் சட்டமானது. 2016ல் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) உயர்கல்வி நிறுவனங்களுக்கென விதிமுறைகளை வெளியிட்டது. அதன்படி ஒவ்வொரு கல்லூரியிலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். மூத்த பெண் பேராசிரியர் ஒருவர் அதன் தலைவராக இருப்பார். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள். வெளியிலிருந்து ஒருவரும் இடம்பெறுவார். மாணவர் சம்பந்தப்பட்ட புகாரில் மாணவப் பிரதிநிதிகளும் உண்டு. துணைவேந்தர், பதிவாளர், துறைத் தலைவர் போன்ற உயர் நிர்வாகிகள் இதில் உறுப்பினராக முடியாது. ஆண் மாணவர்களும் இந்த விதிமுறைகளின் கீழ் புகார் செய்யலாம்.

இரகசியம் எதுவரை?

2013 சட்டத்தின் 16வது பிரிவின்படி, புகார் கொடுத்தவர், எதிர்தரப்பு, சாட்சிகள் ஆகியோரின் பெயர், முகவரியையோ விசாரணை விவரங்களையோ பொதுமக்களுக்கும் பத்திரிகைகளுக்கும் வெளியிடக் கூடாது. புகாரைக் கையாளும் பொறுப்பில் உள்ளவர் இதை மீறினால் அபராதம் உண்டு.

ஆனால் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். புகாரின் நகல் எதிர்தரப்புக்குக் கொடுக்கப்படும். அவர் பதில் சொல்ல வாய்ப்புத் தருவதுதான் நீதி. எனவே இரகசியம் என்பது வெளி உலகத்திடமிருந்து காப்பது. மேலும், பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குட்பட்டவர் என்றால் அது போக்சோ சட்டத்தின் கீழ் வரும். அப்போது தகவலறிந்தவர்கள் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்.

காலக்கெடு

சம்பவம் நடந்து 3 மாதங்களுக்குள், தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதங்களுக்குள், எழுத்து மூலம் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். எழுத இயலாதவருக்குக் குழுவே உதவ வேண்டும். உடலாலோ மனதாலோ இயலாத நிலையில் இருப்பவருக்காக உறவினரோ தோழியோ புகார் தரலாம். விசாரணை 90 நாட்களுக்குள் முடிய வேண்டும்.

விசாரணை முடியும்வரை எதிர்தரப்பை விலகியிருக்கச் சொல்லவும், அவர் ஆசிரியராக இருந்தால் அந்த மாணவியின் விடைத்தாளை மதிப்பிடாமல் தடுக்கவும், மாணவிக்கு 3 மாதம் வரை விடுப்பு வழங்கவும் குழு பரிந்துரைக்கலாம். படிப்பை நிறுத்தத் தேவையில்லை.

புகாரை நிரூபிக்க முடியாமல் போனால் மட்டுமே அது பொய்ப் புகார் ஆகிவிடாது. அதற்காகத் தண்டிக்கவும் முடியாது.

வன்முறை நடந்திருந்தால்

முதலில் மருத்துவமனை. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவருக்கு அரசு, தனியார் மருத்துவமனை எதுவானாலும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். காவல்துறைக்கும் அவர்கள் தகவல் தெரிவிப்பார்கள். எந்தக் காவல் நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம், எல்லை பார்க்கத் தேவையில்லை. பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72வது பிரிவின்படி குற்றம். பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098.

குடும்பத்தார் கவனத்திற்கு

பிள்ளை சொல்லும்போது குறுக்கிடாமல் கேளுங்கள். 'நீ ஏன் அங்கே போனாய்?' என்று ஆரம்பிக்காதீர்கள். குறுஞ்செய்திகள், புகைப்படங்கள், தேதிகளைப் பத்திரப்படுத்துங்கள். எதையும் அழிக்க வேண்டாம். நம்பிச் சொன்ன விஷயம் ஓர் அமானிதம். பிள்ளையின் சம்மதமின்றி உறவினரிடமோ வாட்ஸ்அப் குழுவிலோ ஜமாஅத்திலோ அதைக் கொண்டு செல்லக் கூடாது. குற்றம் செய்தவனின் வீட்டாரோடு பணம் பேசி முடிப்பதற்கும் இந்த விதிமுறைகளில் இடமில்லை.

கல்லூரியில் சேர்க்கும் நாளிலேயே உள் புகார்க் குழுவின் தலைவர் யார், தொடர்பு எண் என்ன என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பிள்ளையிடமும் கொடுத்து, 'எதுவானாலும் எங்களிடம் சொல், உன் படிப்பு நிற்காது' என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.