கொடைக்கானல் பாதரசப் பாதிப்பு: மருத்துவ மதிப்பீட்டின் ஏற்புடைமை

பழனி மலையில், கொடைக்கானல் செயின்ட் மேரிஸ் சாலையில், 1980களின் தொடக்கத்தில் பாண்ட்ஸ் நிறுவனம் பாதரச வெப்பமானி ஆலை ஒன்றை அமைத்தது. 1987இல் அது இந்துஸ்தான் லீவர் கைக்கு மாறியது. மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய பொருள் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் டன் கணக்கில் கிடந்தது வெளியே தெரிந்ததும் ஊர் கொதித்தது. 2001 மார்ச்சில் உற்பத்தி நின்றது. முன்னாள் தொழிலாளர்கள் 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அவர்களின் அப்போதைய உடல்நிலையை ஆலைப் பாதரசத்தோடு இணைக்கப் போதிய சான்று இல்லை என்றது நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு (2007). தொழிலாளர்கள் மட்டுமல்ல, பிள்ளைகளும் பாதிக்கப்பட்டதற்கு முகாந்திரம் உண்டு என்றது மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் குழு (2011). இரண்டில் எது உண்மை என்று கேட்பதே வழக்கம். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: பாதிப்பு இருந்திருந்தால் அதைக் காட்டக்கூடிய கருவி யார் கையிலாவது இருந்ததா?

மருத்துவத்தில் இந்தக் கேள்விக்கு ஒழுங்காக விடை தேடிய துறைகளில் ஒன்று தாடை மூட்டுக் கோளாறு. காதுக்கு முன்னால் உள்ள அந்த மூட்டின் வலியையும் சொடுக்கொலியையும் வகைப்படுத்த 1992இல் ஆய்வு அளவுகோல் ஒன்று வெளிவந்தது. பின்னர் அமெரிக்காவில் மூன்று மையங்களில், நோயாளிகளும் நலமானவர்களுமாக 705 பேரைக் கொண்டு அதைச் சோதித்தார்கள். நிபுணர்கள் படச்சான்றோடு சேர்ந்து எடுத்த முடிவை உரைகல்லாக வைத்துப் பார்த்தபோது பழைய அளவுகோல் தேறவில்லை. திருத்திய வடிவம் 2014இல் வந்தது. அதிலும் ஒரு பாடம் இருக்கிறது. தசை வலியையும் மூட்டு வலியையும் கண்டறிவதில் அதன் உணர்திறன் 86 விழுக்காட்டுக்குக் குறையவில்லை. ஆனால் மூட்டு வட்டு விலகி, வாயைத் திறக்கும்போது இடத்துக்குத் திரும்பும் வகையில், கையால் மட்டும் சோதித்தால் உணர்திறன் 34 விழுக்காடுதான். கோளாறு உள்ளவர்களில் மூன்றில் இருவர் தப்பிவிடுகிறார்கள். ஆகவே ஒரு கருவி நல்லதா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. எந்தக் கேள்விக்கு நல்லது என்றே கேட்க வேண்டும். உணர்திறன் குறைந்த கருவி சொல்லும் ‘இல்லை’ ஒன்றையும் தீர்த்துவைப்பதில்லை.

அதே கேள்வியைப் பாதரசச் சோதனைகளிடமும் கேட்போம். பாதரச ஆவியை அன்றாடம் சுவாசித்தவரை அளக்க உகந்தது சிறுநீர். தலைமுடி பெரும்பாலும் மீன்வழி வரும் மெத்தில் பாதரசத்தையே காட்டும். ஆனால் சிறுநீர்ப் பாதரசம் ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பாதியாகிறது. வேலையை விட்டு ஓராண்டில் அறுபத்து நான்கில் ஒரு பங்காகச் சுருங்கும். ஆலை மூடி ஐந்தாண்டு கழித்து யார் சோதித்தாலும் ஊரில் உள்ள மற்றவர்களின் அளவுதான் வரும். பிலிப்பைன்ஸின் மின்டனாவோ தங்கச் சுரங்கப் பகுதியில் 1999இல் பயன்படுத்திய மதிப்பெண் முறை இதைவிட விரிவானது: நடுக்கம், நினைவாற்றல், தீக்குச்சிகளைப் பெட்டியில் அடுக்கும் வேகம், பென்சிலால் தட்டும் வேகம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் அங்கே ஆட்கள் பாதரசத்தோடு புழங்கிக்கொண்டிருந்தார்கள். நச்சேற்றம் என்று முடிவுகட்ட உடலில் அப்போதைய பாதரச அளவையும் அந்த முறை கேட்கிறது. அதை அப்படியே கொடைக்கானலுக்குக் கொண்டுவந்தால், கை எவ்வளவு நடுங்கினாலும் அந்தத் தொழிலாளி கணக்கில் வரமாட்டார்.

எதிர்வாதம் எளிதில் தள்ளக்கூடியதல்ல. கைநடுக்கம், எரிச்சல், மறதி, சிறுநீரகக் கோளாறு, ஈறு வீக்கம் எதுவும் பாதரசத்துக்கே உரியதில்லை. குடியும் சர்க்கரை நோயும் வயதும் இவற்றைத் தரும். இழப்பீடு எதிர்பார்ப்பவர் தன் நோவைக் கூட்டிச் சொல்லவும் கூடும். சரிதான். அதனால்தான் ஆலையில் வேலை பார்க்காத, அதே வயதும் வாழ்நிலையும் கொண்ட மலைவாசிகளை ஒப்பீட்டுக் குழுவாகச் சேர்த்து, யார் எந்தக் குழு என்று தெரியாத மருத்துவர்களைக் கொண்டு பார்க்க வேண்டும். காலம் கடந்துவிட்டது என்பதும் முழுமையான பதிலாகாது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் அணு ஆயுத ஆலைத் தொழிலாளர்களைப் பாதரசத் தொடர்பு அற்று 20 முதல் 35 ஆண்டுகள் கழித்துச் சோதித்த ஆய்வு 1988இல் வெளிவந்தது. பணிக்காலத்தில் சிறுநீரில் லிட்டருக்கு 600 மைக்ரோகிராமைத் தாண்டியவர்களிடம் நடுக்கமும் தசைவலிமைக் குறைவும் கூடுதலாகத் தென்பட்டன. அதைச் சாத்தியமாக்கியது பழைய சிறுநீர்ப் பதிவேடு. கொடைக்கானலிலும் தொழிலாளர் உடல்நலத்தைக் கண்காணித்து வந்ததாகவே நிறுவனம் கூறிவந்தது. சிக்கல் என்னவென்றால், அத்தகைய பதிவைச் சேர்ப்பதும் காப்பதும் வழக்கின் ஒரு தரப்பு.

2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. தந்தது கருணைத் தொகை. உடல்நலம் பற்றிய கேள்விக்கு அது விடையாகவில்லை. வளாக மண்ணுக்காவது கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்று ஒரு தூய்மை இலக்கை வைத்தார்கள், அது போதாது என்று சூழலியலாளர்களால் வாதிட முடிந்தது. தொழிலாளர் விஷயத்தில் பழைய பதிவுகளையும் எந்தப் பிரிவில் யார் எத்தனை ஆண்டு இருந்தார் என்ற பட்டியலையும் சார்பற்ற ஆய்வாளரிடம் கொடுத்தால், ஓக் ரிட்ஜ் போன்ற ஆய்வு இன்றும் முடியும். கடைசியாகச் சேர்ந்தவர்களே நாற்பதைத் தாண்டிவிட்டார்கள். இன்னும் தள்ளிப்போட்டால் முதுமையின் நடுக்கத்தையும் பாதரசத்தின் நடுக்கத்தையும் எந்த ஒப்பீட்டுக் குழுவாலும் எளிதில் பிரிக்க முடியாது.