பைக்குள் பந்து, சிப்பிக்குள் முத்து

ஒரு பையில் 4 வெள்ளைப் பந்துகளும் 8 கறுப்புப் பந்துகளும் உள்ளன... பிளஸ் டூவில் இப்படித் தொடங்கும் கணக்கோடு மல்லுக்கட்டாதவர் குறைவு. அந்தப் பைக்கு வயது 350-ஐத் தாண்டிவிட்டது. 1657-இல் ஹாலந்துக்காரர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் சூதாட்டக் கணக்குகள் பற்றிச் சிறு நூலொன்று வெளியிட்டார். கடைசியில், வாசகர்களே போட்டுப் பார்க்கட்டும் என்று 5 கணக்குகள். ஒன்றுக்கும் வழிமுறை தரவில்லை. இரண்டாவதில்தான் அந்த 12 வில்லைகள், 4 வெள்ளை, 8 கறுப்பு. மூன்று பேர் கண்ணைக் கட்டிக்கொண்டு மாறி மாறி எடுக்க வேண்டும். முதலில் வெள்ளையை எடுப்பவருக்கு ஜெயம்.

எடுத்த வில்லையைத் திரும்பப் போடலாமா, கூடாதா? ஹைகன்ஸ் அதைச் சொல்லவே இல்லை. 1665-இல் யோஹான் ஹுட்டே என்ற கணிதருக்கும் அவருக்கும் கடிதத்திலேயே வழக்கு நடந்தது. போடுவதாக ஹைகன்ஸ், போடாததாக ஹுட்டே. பின்னால் வந்த யாக்கோபு பெர்னோலி இரண்டு பொருளுக்கும் விடை கண்டார். போதாதென்று மூன்றாவது பொருளும் கற்பித்தார். அது அச்சேறியது 1713-இல், அவர் இறந்து 8 ஆண்டு கழித்து. ‘திரும்ப வைக்காமல்’ என்று வினாத்தாளில் இன்று கவனமாகச் சேர்க்கிறார்களே, அந்த எச்சரிக்கை அந்தக் காலத்துப் பாடம்.

ஹுட்டே பிறகு ஆம்ஸ்டர்டாம் நகரத் தலைவரானார், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவராகவும் ஆனார். ஹைகன்ஸ் நூல் வந்த மறு வருஷமே, 1658-இல், தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பறித்த கம்பெனி அது. அங்கே பைக்குப் பதில் கடல், பந்துக்குப் பதில் சிப்பி.

முத்துக் குளிப்புக்கு நாள் குறிக்குமுன் சிப்பிகள் படிந்த கடலடிப் பாரிலிருந்து மாதிரிக்குச் சிப்பி எடுத்துப் பார்ப்பது வழக்கமாயிற்று. சிப்பிகளை அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துகளைத் துளை சிறுத்துக்கொண்டே போகும் பித்தளைச் சல்லடைகளில் சலித்துத் தரம் பிரிப்பார்கள். ஆயிரம் சிப்பிக்கு என்ன பெறும் என்று வியாபாரிகள் மதிப்பார்கள். அந்தச் சல்லடை வரிசை, என்னைக் கேட்டால், அச்சில் வராத நிகழ்வெண் அட்டவணை. ஆனால் சராசரி இங்கே கைவிடும். பல சிப்பிகள் வெறும் ஓடு, சிலவற்றில் பொடிமுத்து, எங்கோ ஒன்றில் மட்டும் மொத்தச் செலவையும் மீட்கும் ஆணிமுத்து.

இதையே சூதாகவும் ஆடினார்கள். திறக்காத சிப்பிகளை விலைக்கு வாங்கி அதிர்ஷ்டம் பார்க்கும் ‘சிப்பி லாட்டரி’ எதிர்க்கரையில் இலங்கை முத்துச் சலாபத்தில் நடந்ததை, 1803-இல் வெளிவந்த தன் நூலில் ராபர்ட் பெர்சிவல் என்ற ஆங்கிலப் படை அதிகாரி எழுதியிருக்கிறார். ஐரோப்பியத் துரைமாருக்குத்தான் அதில் மோகம் அதிகமாம்.

பாடப்புத்தகத்துக்குள் சிப்பி நுழையவில்லை, குதிரை நுழைந்தது. அரிய நிகழ்வுகளுக்கான சூத்திரத்தை 1837-இல் பிரெஞ்சுக் கணிதர் பாய்சான் தந்தபோது அவர் எழுதிக்கொண்டிருந்தது நீதிமன்றத் தீர்ப்புகளைப் பற்றி. 1898-இல் போர்ட்கிவிச் என்ற புள்ளியியலர், பிரஷ்யக் குதிரைப்படையில் குதிரை உதைத்துச் செத்தவர்களை 20 ஆண்டுக்கு எண்ணி அதில் பொருத்தினார். 14 படைப்பிரிவுகளில் 4 மற்றவற்றோடு ஒத்துவரவில்லை. மீதி 10 பிரிவுகளின் 200 பதிவுகளில் சாவே இல்லாதவை 109. சூத்திரம் சொல்வதும் கிட்டத்தட்ட 109! 1925-இல் புள்ளியியலர் ஃபிஷர் இதைத் தன் நூலில் எடுத்தாண்டார். அவரைப் பார்த்துப் பலர், அவர்களைப் பார்த்து இன்னும் பலர். உதைபட்டவர்கள் நம் கல்லூரி வகுப்புகள்வரை வந்துவிட்டார்கள்.

தூத்துக்குடியில் கடைசியாக முத்துக் குளித்தது 1961-இல். பிறகு 1973-இல், தூத்துக்குடிக்கு அருகே வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் சிப்பிக்குள் கருவை வைத்து உருண்டை முத்தை வளர்த்தெடுத்தார்கள். சிப்பி கருவை ஏற்கிறதா, துப்புகிறதா? கணக்கு ஈருறுப்புப் பரவலுக்கு இறங்கிவந்துவிட்டது.

அடுத்த ஆண்டே தூத்துக்குடி பெருந்துறைமுகமானது. தொலைபேசி அழைப்புகளுக்காக 1909-இல் கோபன்ஹேகனில் ஏர்லாங் என்ற கணிதர் தொடங்கிவைத்த காத்திருப்பு வரிசைக் கணக்கு, உலகெங்கும் கப்பல்களுக்கும் பொருந்துவதாகக் கண்டிருந்தார்கள். நாளொன்றுக்குச் சராசரி 2 கப்பல் வரும் துறைமுகத்தில், ஒரே நாளில் 4-க்கு மேல் வர வாய்ப்பு எவ்வளவு? பாய்சான்படி சுமார் 5 சதவீதம். கப்பல்கள் ஒன்றையொன்று சாராமல் வர வேண்டும் என்பது நிபந்தனை. வங்கக் கடலில் புயல் சின்னம் உருவானால் அவை வெளியே சேர்ந்து நிற்கும், கடல் தணிந்ததும் சேர்ந்தே நுழையும். புயலுக்கு அந்தக் கணக்கில் மதிப்பெண் கிடையாது.