மிதிவண்டிச் சங்கிலியும் மெழுகும்: ஒரு சிறு வரலாறு



மிதிவண்டிச் சங்கிலிக்கு எண்ணெய் விடாமல் மெழுகு பூசும் வழக்கம் அண்மைக் காலமாகப் பரவி வருகிறது. பந்தய வீரர்கள் சங்கிலியைக் கழற்றி, உருகிய மெழுகில் முக்கி எடுத்து மீண்டும் மாட்டுகின்றனர். கடைகளில் ‘உலர் உயவுப்பொருள்’ எனச் சிறு புட்டிகளும் கிடைக்கின்றன. இது புதிய விளம்பரத் தந்திரமோ என்று பெற்றோர் சிலர் ஐயுறலாம். வரலாற்றைப் புரட்டினால், சங்கிலிக்கு உலர்ந்த பொருளைப் பூசும் எண்ணம் ஏறத்தாழ மிதிவண்டிச் சங்கிலியின் வயதையே உடையது என்பது தெரிய வரும். அந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

சங்கிலி இல்லாத காலம்

1817ஆம் ஆண்டு ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் வான் டிரைஸ் ஓட்டிக் காட்டிய இருசக்கர வண்டிக்கு மிதிகட்டையும் இல்லை, சங்கிலியும் இல்லை. காலால் தரையை உந்திச் செல்ல வேண்டும். 1860களில் பாரிஸ் நகரில் முன்சக்கரத்தில் மிதிகட்டை பொருத்தப்பட்டது. ஒரு மிதிக்குச் சக்கரம் ஒரு சுற்றுதான் சுற்றும். ஆகவே வேகம் வேண்டுமெனில் சக்கரத்தையே பெரிதாக்க வேண்டியிருந்தது. 1870களில் ஆள் உயர முன்சக்கரத்துடன் வண்டிகள் தோன்றியதற்கு இதுவே காரணம். அதிலிருந்து தலைகுப்புற விழுந்தவர்கள் பலர்.

பின்சக்கரத்தைச் சங்கிலியால் இயக்கினால் இந்த ஆபத்து நீங்கும். 1885இல் இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய ‘ரோவர்’ மிதிவண்டி அவ்வழியில் பெருவெற்றி கண்டது. நாம் இன்று ஓட்டும் மிதிவண்டியின் வடிவம் அதிலிருந்து வந்ததே.

மான்செஸ்டரில் ஒரு சுவிஸ் பொறியாளர்

சங்கிலியைப் பொறுத்தவரை நாம் நினைவுகூர வேண்டிய பெயர் ஹான்ஸ் ரெனால்ட். 1852இல் சுவிட்சர்லாந்தில் பிறந்த இவர், 1873இல் மான்செஸ்டருக்கு வந்தார். 1879இல், நெசவு இயந்திரங்களுக்குச் சங்கிலி செய்து வந்த சிறு தொழிற்கூடமொன்றை விலைக்கு வாங்கினார். அடுத்த ஆண்டே, 1880இல், புதிய வகைச் சங்கிலிக்குக் காப்புரிமை பெற்றார்.

அவர் செய்த மாற்றம் எளியது. அதற்கு முந்தைய சங்கிலிகளில் ஆணியின் சுமை முழுவதும் மெல்லிய தகட்டின் விளிம்பில் விழுந்தது. ரெனால்ட் ஆணியைச் சுற்றி ஒரு குழலை வைத்து, அதன்மேல் உருளையைப் பொருத்தினார். சுமை குழலின் நீளம் முழுவதும் பரவியது, தேய்மானம் குறைந்தது. ஆயினும் ஒரு தேவையும் பிறந்தது. ஆணிக்கும் குழலுக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிக்குள் உயவுப்பொருள் சென்று சேர வேண்டும். மேலே பூசுவதால் மட்டும் பயனில்லை.

ஒரு சிறு கணக்கு இதனை விளக்கும். 110 கண்ணிகள் கொண்ட சங்கிலி, 44 பற்கள் கொண்ட முன்பல்சக்கரத்தில் ஓடுவதாகக் கொள்வோம். இரண்டரை மிதிச் சுற்றில் சங்கிலி ஒருமுறை முழுதாகச் சுற்றி வரும். நிமிடத்திற்கு 60 சுற்று மிதித்தால், ஒரு மணி நேரத்தில் 1,440 முறை. ஒவ்வொரு முறையும் ஒரு மூட்டு நான்கு இடங்களில் மடங்கி நிமிரும். ஆக, மணிக்கு 5,760 உராய்வுகள்! அவ்விடத்தில் ஒரு துகள் மணல் இருந்தால் என்ன ஆகும் என்பதை மாணவர்களே கூறிவிடுவர்.

தூசிக்கு எதிராக இரு வழிகள்

1890களின் சாலைகளில் தூசியும் சேறும் மிகுதி. எண்ணெய் ஈரமாகவே இருப்பதால் தூசியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். எண்ணெயும் தூசியும் கலந்த கரிய குழம்பு, உப்புத்தாளைப் போல இரும்பைத் தேய்க்கும். இதற்கு இரு தீர்வுகள் தோன்றின.

முதலாவது, சங்கிலியை மூடிவிடுவது. வுல்வர்ஹாம்ப்டன் நகரின் ஜான் மார்ஸ்டன் தயாரித்த ‘சன்பீம்’ மிதிவண்டிகள் இதற்குப் புகழ்பெற்றவை. தகட்டுப் பெட்டிக்குள் சங்கிலி எண்ணெயில் நனைந்தபடி சுழலும்; தூசி உள்ளே நுழையாது. நம் நாட்டில் தாத்தாக்கள் ஓட்டிய ராலே மிதிவண்டிகளில் சங்கிலியை முழுதாக மூடியிருந்த ‘செயின் கவர்’ இந்த மரபைச் சேர்ந்ததே.

இரண்டாவது, தூசி ஒட்டாத பொருளைப் பூசுவது. இங்கே ஆசிரியர்களுக்கு ஒரு சுவையான செய்தி உண்டு. அமெரிக்காவின் ஜோசப் டிக்சன் குருசிபிள் நிறுவனம் பென்சில்களுக்குப் பெயர் பெற்றது. பென்சிலில் உள்ள கிராஃபைட்டையே அந்நிறுவனம் 1890களில் மிதிவண்டிச் சங்கிலிக்கான உயவுப்பொருளாகவும் விற்றது. உலர் உயவுப்பொருளின் முன்னோடி நம் மாணவர்களின் பென்சில் பெட்டியில் இருக்கிறது!

மெழுகின் கதை

பாரஃபின் மெழுகை 1830இல் ஜெர்மானிய வேதியியலர் கார்ல் ரைஷன்பாக் கண்டறிந்தார். பிற பொருள்களுடன் எளிதில் வினைபுரியாதது என்னும் பொருள் தரும் லத்தீன் சொற்களிலிருந்து அப்பெயர் அமைந்தது. 1859இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எட்வின் டிரேக் எண்ணெய்க் கிணறு தோண்டிய பின்னர், கச்சா எண்ணெயிலிருந்து மெழுகு மலிவாகக் கிடைக்கலாயிற்று. மெழுகுவர்த்தியாக எரிந்த அதே பொருள்தான் இன்று சங்கிலிக்குள் புகுந்திருக்கிறது.

பெட்டி மறைந்தது

பல கியர் கொண்ட மிதிவண்டிகள் வந்தபோது நிலைமை மாறியது. சங்கிலி ஒரு பல்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவ வேண்டியிருப்பதால், அதனை முழுதாக மூடிவைக்க இயலாது. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் 1937ஆம் ஆண்டு முதல் இத்தகைய கியர் மாற்றிகள் அனுமதிக்கப்பட்டன. காலப்போக்கில் பெட்டி மறைந்தது. எண்ணெய் மட்டும் தங்கிவிட்டது. எண்ணெய்க்குத் துணையாக ஒரு மூடியும் இருந்தது என்பதைப் பலரும் மறந்தனர்.

ஆய்வுகள் கூறுவது

1999இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜேம்ஸ் ஸ்பைசர் குழுவினர் சங்கிலியின் செயல்திறனை அளந்தனர். மிக உயர்ந்த அளவாக 98.6 விழுக்காடு பதிவாயிற்று. மெழுகு வகை, செயற்கை எண்ணெய், உலர் தெளிப்பு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டபோது, தூய்மையான ஆய்வுக்கூடச் சூழலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. இடைவெளியை நிரப்பித் தூசியைத் தடுப்பதே உயவுப்பொருளின் முதன்மைப் பணியாகலாம் என்பது ஸ்பைசரின் கருத்து.

2012இல் தொடங்கிய ‘ஃபிரிக்‌ஷன் ஃபேக்ட்ஸ்’ எனும் அமெரிக்க ஆய்வகம் இன்னும் நுட்பமாக அளந்தது. உருக்கிய பாரஃபின் மெழுகு முன்வரிசையில் நின்றது; எனினும் நல்லதற்கும் மட்டமானதற்கும் இடைப்பட்ட வேறுபாடு சில வாட் மட்டுமே. பந்தய வீரருக்கு அது பெரிது. பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கு அது ஒரு பொருட்டன்று. அப்பிள்ளைக்குத் தேவை தேயாத, அறுந்துவிடாத சங்கிலி.

நமக்கு எது ஏற்றது?

மெழுகு உலர்ந்திருப்பதால் தூசி எளிதில் ஒட்டாது. கையும் காற்சட்டையும் கறைபடா. ஆனால் நம் நாடு மழை நாடு. மழையில் நனைந்த மெழுகுச் சங்கிலியைத் துடைத்து உலர்த்தி மீண்டும் மெழுகிடாவிட்டால் விரைவில் துருப்பிடிக்கும். மேலும், தொழிற்சாலையில் இட்ட கிரீஸை முற்றாக நீக்கிய பிறகே மெழுகு பற்றும். அந்தப் பொறுமை இல்லாத வீட்டிற்குச் சிறிதளவு எண்ணெயே போதும். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு துளி விட்டு, சிறிது நேரம் கழித்து வெளிப்புறத்தைத் துணியால் நன்கு துடைத்துவிட வேண்டும். வெளியே வழியும் எண்ணெய் தூசிக்கு அழைப்பு.

மெழுகை உருக்க விரும்புவோருக்கு ஓர் எச்சரிக்கை. மெழுகை நேரடியாக அடுப்பில் வைத்தால் தீப்பற்றக்கூடும். பாத்திரத்தைக் கொதிநீருக்குள் வைத்து உருக்குவதே முறை. அப்பணி பெரியவர்களுடையது, பிள்ளைகள் தள்ளி நின்று பார்க்கட்டும். புட்டியில் வரும் நீர்ம மெழுகாயின் இந்த ஆபத்து இல்லை. இரவு பூசி, காலை வரை உலரவிட்டால் போதும்.

வகுப்பறைக்கு ஒரு செயல்பாடு

உராய்வைக் கற்பிக்கும்போது ஒரு பழைய சங்கிலியை வகுப்பிற்குக் கொண்டு செல்லலாம். புதிய சங்கிலியில் அடுத்தடுத்த ஆணிகளின் இடைவெளி சரியாக அரை அங்குலம். ஆகவே 24 இடைவெளிகள் 12 அங்குலமாக இருக்க வேண்டும். மாணவர்கள் இரும்பு அளவுகோலால் அளக்கட்டும். ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் கூடியிருந்தால் சங்கிலியை மாற்றும் நேரம் வந்துவிட்டது. இரும்பு நீண்டுவிட்டதா என்று மாணவர்களைக் கேளுங்கள். தகடுகள் நீளவில்லை, ஆணியும் குழலும் தேய்ந்ததால் ஒவ்வொரு மூட்டிலும் சிறு இடைவெளி கூடியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத உராய்வு, அளவுகோலில் தெரிகின்றது.

அளந்து முடித்ததும் ரெனால்ட் வைத்த குழலையும் பென்சில் நிறுவனம் விற்ற உயவுப்பொருளையும் பற்றிக் கூறுங்கள். பிள்ளைகள் வீடு திரும்பியதும் தங்கள் மிதிவண்டிச் சங்கிலியைக் குனிந்து பார்ப்பார்கள் என்பது என் நம்பிக்கை.